சின்னமலையைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்: சென்னைத் திருத்தலச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் கத்தோலிக்கத் திருத்தலச் சுற்றுலா நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

அடுத்த சீசனுக்கான உங்கள் பயணப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. அதில் சின்னமலை இல்லை. மயிலாப்பூர் பிரகாச மாதா ஆலயமும் இல்லை. அவை இருந்த இடத்தில் ‘தி.நகர் ஷாப்பிங் – 3 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறீர்கள். சாந்தோமுக்கு 20 நிமிடம், பரங்கிமலைக்கு 30 நிமிடம். இத்தனைக்கும் மேலே கொட்டை எழுத்தில் ‘புனித தோமையாரின் பாதையில்’ என்று தலைப்பு வேறு. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றும் இயேசுவின் சீடர் தோமையாரின் கதையோடு சேர்ந்த இடங்கள்.

ஒரே ஒரு நிறுவனத்தின் பட்டியல் என்றால் போன் போட்டுப் பேசி முடித்திருப்பேன். கைக்குக் கிடைத்த மற்றத் துண்டறிக்கைகளையும் எடுத்துப் பார்த்தேன். கடைகளின் பெயர்தான் மாறுகிறது. மற்றபடி எல்லாம் ஒரே அச்சு. அதனால்தான் யார் பெயரையும் குறிப்பிடாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

தென்மாவட்டக் கடலோரப் பங்கு ஒன்றில் நான் அன்பியப் பொறுப்பாளர். அன்பியம் என்பது ஒரே கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு. போன வருஷம் எங்கள் ஆட்களைச் சென்னைக்குக் கூட்டி வந்தது உங்களில் ஒருவர்தான். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபது தாண்டிய பெண்கள். மீன் விற்றும், தையல் தைத்தும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கு மகன் கொடுத்ததில் மிச்சம் பிடித்தும் சேர்த்த பணம் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்ச்சை இருந்தது. ஒருவருக்கு மகள் குழந்தை, ஒருவருக்குக் கடலுக்குப் போன மகன், ஒருவருக்குப் புற்றுநோய் குணமானது. தி.நகர் பார்க்க வேண்டும் என்று அவர்களில் யாரும் நேர்ந்துகொள்ளவில்லை.

சாந்தோமில் நடந்ததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் இன்றுவரை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது பேராலயத்துக்குள் கல்யாணப் பூசை நடந்துகொண்டிருந்தது. உங்கள் வழிகாட்டி எங்களை முன்வாசலிலேயே நிறுத்திவிட்டார். “உள்ளே கூட்டமா இருக்கு, வெளியிலிருந்தே கும்பிட்டுக்குங்க, போட்டோ எடுத்துக்குங்க, பத்து நிமிஷத்துல பஸ்ஸுக்கு வந்துடணும்” என்றார். எங்கள் பெண்கள் சொன்னதைக் கேட்கிறவர்கள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்து முழந்தாளிட்டு, வெயிலில் செபமாலையில் பத்து மணிகள் மட்டும் உருட்டிச் செபித்துவிட்டு பஸ் ஏறினார்கள். வண்டி நகர்ந்த பிறகுதான், முன்பு சென்னையில் நர்ஸாக வேலை பார்த்த ஓர் அக்கா, “ஏன் கல்லறைக்குப் போகலை? அதுக்குத் தனி வழி இருக்கே” என்று கேட்டார்.

ஆமாம், இருக்கிறது. தோமையார் கல்லறைச் சிற்றாலயம் தரைக்கு அடியில் உள்ளது. கோயிலுக்குள் நுழையாமலே வெளியிலிருந்து இறங்கிப் போக அதற்குத் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். மேலே பூசை நடந்தாலும் கல்யாணம் நடந்தாலும் யாத்திரை வருகிறவர்கள் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கல்லறையில் செபித்துவிட்டுப் போகலாம். அங்கேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. உங்கள் வழிகாட்டிக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்திலேயே கூட இறங்கிப் பார்த்திருப்போம். பஸ்ஸைத் திருப்பச் சொல்லிக் கேட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் நேரம் சொல்லியாகிவிட்டது என்றார் ஓட்டுநர். அவர் மேல் கோபமில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தானே அவர் ஓட்டுவார்?

அந்தத் தாளை எழுதுகிறவர்கள் நீங்கள். அதனால் உங்களிடம்தான் கேட்க வேண்டும். கல்லறையைப் பார்க்கத்தான் உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் சாந்தோம் வருகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரை வழியாகப் போன மார்கோ போலோகூட, தோமையார் கல்லறைக்கு மக்கள் யாத்திரை வருவதைப் பற்றித்தான் எழுதிவைத்தார். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வந்து செபித்ததும் இங்கேதான். அந்த இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, கோபுரத்தை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பினால் அதற்கு யாத்திரை என்று பெயரா?

பரங்கிமலை, அதாவது தோமையார் மலை, இன்னொரு வருத்தம். பஸ் மலையடிவாரத்தில் நின்றது. “படி ஏற முடியாதவங்க வண்டியிலயே உட்காருங்க, மத்தவங்க அரை மணியில வந்துடுங்க” என்றார்கள். மூட்டு வலிக்காரர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருதய ஆபரேஷன் செய்துகொண்ட எங்கள் பெரியம்மா ஒருவர், பிழைத்தால் தோமையார் மலைக்கு வருவேன் என்று நேர்ந்துகொண்டவர், கையில் பெரிய மெழுகுதிரியோடு அப்படியே இருந்தார். கடைசியில் கீழிருந்தே மலையைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, மெழுகுதிரியை ஏறப்போன பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்.

மலை உச்சிக்கு வாகனம் ஏறுகிற தார்ச்சாலை இருக்கிறது. ஆட்டோ போகும், கார் போகும். பெரிய பஸ்ஸை வளைவுகளில் ஏற்றத் தயங்குவது நியாயம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிவாரத்தில் நாலு ஆட்டோ பிடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? நாங்களே காசு கொடுத்திருப்போம். அப்படி ஒரு சாலை இருப்பதை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெத்ரூஸ் உஸ்கான் என்று ஒரு ஆர்மீனிய வியாபாரி, 18ஆம் நூற்றாண்டில் மெட்ராஸில் பெரிய செல்வந்தர். தோமையார் மலைக்குப் போகிறவர்கள் அடையாற்றைக் கடக்கச் சிரமப்படுகிறார்கள் என்று, 1726இல் தன் சொந்தப் பணத்தில் சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். இப்போது அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. மலை ஏறச் சிரமப்படுகிறார்கள் என்று படிக்கட்டும் அவரே கட்டிக் கொடுத்தார். இன்று உங்கள் பஸ் ஆற்றைக் கடப்பதும் எங்கள் பெண்கள் படியேறுவதும் அவர் போட்ட வழியில்தான். வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவருக்கு அந்தக் காலத்திலேயே யாத்திரிகர்களின் முழங்கால் வலி புரிந்திருக்கிறது. எங்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் உங்களுக்கு ஏன் புரியவில்லை?

சரி, இப்போது நீங்கள் தூக்கிவிட்ட சின்னமலைக்கு வருகிறேன். போன வருஷம் அது பட்டியலில் இருந்தது, 15 நிமிடம். அந்தக் குகைக்குள் ஆளாளாகக் குனிந்துதான் நுழைய முடியும். ஒரு பஸ் ஆட்கள் போய்த் திரும்பவே 15 நிமிடம் பத்தாது. பாதிப் பேர் வரிசையில் நிற்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள். குகைக்குள் போன பெண்கள் பாறையில் உள்ள கை அடையாளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சுனைத் தண்ணீர் பிடிக்க என்று ஊரிலிருந்தே காலி பாட்டில்கள் கொண்டுவந்திருந்தார்கள். பெரும்பாலானவை காலியாகவே ஊர் திரும்பின.

திரும்பி வந்து இதையெல்லாம் உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். நேரத்தைக் கூட்டிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். “சின்னமலையில என்னம்மா இருக்கு, ஒரு குகைதானே? ஜனங்க கேக்கறதில்ல, அதான் எடுத்துட்டோம்” என்றது அந்தக் குரல்.

அங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். மரபுப்படி தோமையார் கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கி, பிறகு இந்தப் பக்கம் வந்தார். சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தார். பரங்கிமலையில் கி.பி. 72இல் குத்திக் கொல்லப்பட்டார். மயிலாப்பூரில், இன்றைய சாந்தோமில், அடக்கம் செய்யப்பட்டார். ஒளிந்த இடம், உயிர் விட்ட இடம், அடக்கமான இடம் என்று மூன்றும் ஒரு வரிசை. இயேசுவின் பாடுகளை இடம் இடமாக நின்று தியானிக்கும் சிலுவைப் பாதையில் நடுவிலே நாலைந்து ஸ்தலங்களை ‘ஜனங்க கேக்கறதில்ல’ என்று யாராவது தாண்டிப் போவார்களா? முதல் இடத்தை எடுத்துவிட்டு, மூன்றாவதை முதலில் காட்டி, இரண்டாவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில் காட்டுகிறீர்கள். அப்புறம் ‘தோமையாரின் பாதையில்’ என்று தலைப்பு எதற்கு?

பிரகாச மாதா ஆலயத்தை எடுத்ததற்குப் பார்க்கிங் காரணம் என்றீர்கள். மெட்ரோ ரயில் வேலையால் லஸ் பக்கம் பஸ் நிறுத்துவது பெரிய பாடு என்பதை ஒத்துக்கொள்கிறேன். சாந்தோமில் இறக்கிவிட்டால் அங்கிருந்து ஆட்டோவில் போய்விடலாம், தூரமே இல்லை. வயதானவர்கள் ‘காட்டுக்கோயில்’ என்று சொல்லும் அந்தச் சின்ன ஆலயத்தின் கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அந்த ஆண்டு சரிதானா என்று வரலாற்றாசிரியர்களுக்குள் வாதம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் கம்பெனிக்காரர்கள் வந்து ஜார்ஜ் கோட்டை கட்டுவதற்கு முன்பே அங்கே மாதா இருந்தாள். கடலில் வழி தெரியாமல் தவித்த போர்த்துகீசிய மாலுமிகளுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது, அது மறைந்த இடத்தில் கட்டிய கோயில் இது என்பது கதை. கடலுக்குப் போகிற ஊர்க்காரர்களான எங்களுக்கு அந்தக் கதையை விளக்கிச் சொல்லவே வேண்டாம். பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள். போன தடவை பஸ்ஸிலிருந்தே கைகாட்டிவிட்டுப் போனீர்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை.

வழிகாட்டிகள் சொல்லும் வரலாற்றைப் பற்றியும் பேச வேண்டும். சாந்தோம் கோயிலை “ரெண்டாயிரம் வருஷத்துக் கட்டடம்” என்று மைக்கில் சொன்னார். இப்போது நிற்கும் கட்டடம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. அதற்கு முன் போர்த்துகீசியர்கள் 1523இல் கட்டிய கோயில் அங்கே இருந்தது. “அப்போஸ்தலர் உடம்பு முழுசா உள்ளே இருக்கு” என்றார். திருப்பண்டங்கள், அதாவது அவருடைய எலும்புகள், வெகு காலத்துக்கு முன்பே எதேசா நகருக்குப் போய், அங்கிருந்து கியோஸ் தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்தோனாவுக்கும் போய்விட்டன என்பதைச் சபையே மறைக்காமல் சொல்கிறது. சாந்தோமில் இருப்பது கல்லறையும் ஒரு சிறு எலும்புத் துண்டும் ஈட்டி முனையும். “அப்போஸ்தலர் கல்லறை மேல கோயில் உலகத்திலேயே மூணுதான்” என்பது எல்லா வழிகாட்டிகளும் மனப்பாடமாக வைத்திருக்கும் வரி. இத்தாலியில் சலேர்னோவில் மத்தேயுவுக்கும் அமால்ஃபியில் அந்திரேயாவுக்கும் கல்லறை மேல் பேராலயம் இருக்கிறதே, அவர்கள் யார் கணக்கில் வருவார்கள்?

பரங்கிமலைச் சிலுவை இன்னும் சுவாரசியமானது. 1547இல் மலை மேல் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த கல் சிலுவை அது. 1558 டிசம்பர் 18ஆம் தேதி பூசை நேரத்தில் அதில் இரத்தம் வியர்த்ததாகச் சொல்லப்படுகிறது. 1704க்குப் பிறகு அப்படி நடக்கவில்லை என்பது மரபு. சிலுவையைச் சுற்றிப் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து இருக்கிறது. தோமையாரே செதுக்கினார் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். எழுத்தைப் படித்தவர்கள் பல நூற்றாண்டு பிந்தியது என்கிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்து இந்தக் கடற்கரையில் வாழ்ந்த கிறிஸ்தவர்களின் அடையாளமாக அதைப் பார்க்கலாம். உங்கள் வழிகாட்டி இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. “ரத்தம் வந்த சிலுவை, பார்த்துட்டு வாங்க” என்றார், அவ்வளவுதான். மீன் விற்கும் பெண்களுக்கு எதற்குப் பாரசீகம் என்று நினைத்தாரோ என்னவோ. எங்கள் பெண்கள் ஞாயிறு மறையுரையில் பாதிரியார் ஒரு தேதியை மாற்றிச் சொன்னால் கோயில் வாசலிலேயே பிடித்துத் திருத்துகிறவர்கள். மரபை மரபு என்றும் ஆவணத்தை ஆவணம் என்றும் பிரித்துச் சொன்னால் அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிடாது.

ஆர்மீனியன் தெருவில் நடந்தது சிரிப்பு. அந்தோணியார் திருத்தலம் என்று சொல்லி எங்களைப் பக்கத்து வாசலுக்குள் விட்டுவிட்டார்கள். அது 1772இல் கட்டிய ஆர்மீனியக் கோயில். கத்தோலிக்கக் கோயிலே அல்ல. அந்தோணியார் சுரூபத்தைத் தேடிக்கொண்டு எங்கள் ஆட்கள் கல்லறைக் கற்களுக்கு நடுவே சுற்றினார்கள். நல்ல அமைதியான இடம், உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794இல் மெட்ராஸிலிருந்து வெளியிட்ட பாதிரியாரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அதையாவது சொல்லியிருக்கலாம்.

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் மட்டும் தாராளமாக நேரம் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. பக்கத்தில் கடற்கரையும் சாப்பாட்டுக் கடைகளும் இருப்பது அதற்குக் காரணமில்லை என்றே நம்ப விரும்புகிறேன்.

லாபம் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. டீசல் விலை, டிரைவர் பேட்டா, டோல் கட்டணம் எல்லாம் எங்களுக்கும் தெரியும். எங்கள் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போகிறபோது அந்தக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். ஷாப்பிங் வேண்டும் என்கிற கூட்டங்களும் இருக்கும், அவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் போடுங்கள். அதற்குத் திருத்தல யாத்திரை என்று பெயர் வைத்து, பங்குகளில் போஸ்டர் ஒட்டி, அன்பியங்களில் பணம் வசூலிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாங்கள் கேட்பது இவைதான். சின்னமலையையும் பிரகாச மாதா ஆலயத்தையும் பட்டியலில் திரும்பச் சேருங்கள். சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் என்ற வரிசையில் கூட்டிப் போங்கள். காலையிலேயே சின்னமலையில் தொடங்கினால் சாலை நெரிசலும் குறையும். சின்னமலைக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள், மற்ற இரண்டுக்கும் தலா ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். மூன்று மணி நேர ஷாப்பிங்கை ஒரு மணி நேரமாக்கினாலே பெரும்பகுதி சரிக்கட்டிவிடலாம்.

பரங்கிமலையில் ஏற முடியாதவர்களுக்கு ஆட்டோ ஏற்பாடு செய்து, அதற்கான பணத்தைக் கட்டணத்திலேயே சேர்த்து முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு ஆலயத்திலும் பூசை நேரம் என்ன, அன்றைக்குக் கல்யாணமோ திருவிழாவோ இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முதல் நாள் போன் செய்து கேட்டுவிடுங்கள். அந்தந்த ஆலய அலுவலகத்திலேயே விவரம் சொல்வார்கள். வழிகாட்டிகளை ஒரு நாள் சம்பளத்தோடு அனுப்பி, அருங்காட்சியகமும் கல்லறையும் உட்பட எல்லா இடத்தையும் ஒரு தடவையாவது அவர்களே பார்த்துவிட்டு வரச் செய்யுங்கள்.

போன வருஷம் மலையடிவாரத்தில் பஸ்ஸிலேயே உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு, எங்களைக் கூட்டிவந்த நிறுவனம் பரங்கிமலைப் பயணத்தை மட்டுமாவது கட்டணம் வாங்காமல் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த நிறுவனம் எது என்று அவர்களுக்கே தெரியும். பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

டிசம்பர் 18ஆம் தேதி பரங்கிமலை மாதா திருநாள். அதற்கு எங்கள் அன்பியத்திலிருந்து ஒரு கூட்டம் கிளம்புகிறது. திருத்திய பட்டியலை நவம்பர் முதல் வாரத்துக்குள் அனுப்புங்கள், பார்த்து முடிவு செய்கிறோம். வராவிட்டால் எழும்பூர் வரை ரயிலில் வந்து, மெட்ரோ பிடித்துச் சின்னமலை ஸ்டேஷனில் இறங்குவோம். அங்கிருந்து ஆலந்தூரில் வண்டி மாறினால் பரங்கிமலை. இரண்டுக்கும் ஸ்டேஷனே இருக்கிறது, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவும் கிடைக்கும்.

இப்படிக்கு,
கடலோரப் பங்கு ஒன்றின் அன்பியப் பொறுப்பாளர்